கிருமிக்குப் பத்தியம்

என் மூக்கிலிருந்து எடுத்த கிருமியைப் பார்க்க, மருத்துவமனையின் வேறு பிரிவுகளிலிருந்தெல்லாம் டாக்டர்கள் வந்தார்கள். அது வளர்ந்திருந்த கண்ணாடித் தட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "பியூட்டிஃபுல்" என்றார்கள். அந்தக் கிருமிக்கு இடம் கொடுத்தவன் பக்கத்துத் தொட்டியில் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தான். அவனை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்கு அது வசதியாகத்தான் இருந்தது. யாராவது என்னைப் பார்த்தால் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று எனக்கு அந்த வயதிலும் தெரியாது.

ஐம்பதுகளின் கடைசி அது. நான் தொடக்கப்பள்ளியோடு நின்றவன். பிரசவ வார்டில் அட்டெண்டர் வேலை. துணி மூட்டை தூக்குவது, தள்ளுவண்டி தள்ளுவது, தரை துடைப்பது. பேச வேண்டிய அவசியம் அதிகம் இல்லாத வேலை என்பதால் அதில் நான் பெயர் வாங்கியிருந்தேன். ஒரு சமயம் பிறந்த குழந்தைகளுக்கு வரிசையாகக் கொப்புளம் வர ஆரம்பித்தது. பென்சிலின் போட்டார்கள். முன்பெல்லாம் அந்த ஊசியின் பெயரைக் கேட்டாலே ஓடிய கிருமி, இப்போது அசையவில்லை. குழந்தைகள் பிழைத்துக்கொண்டன, ஆனால் வீட்டுக்குப் போக நாளாயிற்று. கிருமி எங்கிருந்து வருகிறது என்று பார்க்க, வார்டில் வேலை செய்த எல்லோர் மூக்கிலும் பஞ்சு சுற்றிய குச்சியை விட்டுத் துடைத்தார்கள்.

பலர் மூக்கில் ஏதோ ஒரு கிருமி இருந்தது. பென்சிலினுக்கு அடங்காதது என் மூக்கில் மட்டும் இருந்தது. வேலையில் எனக்குக் கிடைத்த முதல் தனிச்சிறப்பு அது.

தலைமை நர்ஸ் என்னைத் திட்டவில்லை. "உன் தப்பு இல்லை. உனக்கு ஒரு நோயும் இல்லை. அது உன் மூக்கில் சும்மா குடியிருக்கிறது" என்று மலாயில் சொன்னார். அன்றே என்னைக் கீழ்த்தளத்துப் பரிசோதனைக் கூடத்துக்கு மாற்றினார்கள். கிருமி எனக்கு முன்பே அங்கே போயிருந்தது. அதைக் குழாயில் போட்டு, நம்பர் ஒட்டி, குளிர்பெட்டியில் வைத்திருந்தார்கள். நான் கழுவும் தொட்டியோ வெயில் விழும் ஜன்னல் பக்கம்.

அந்தக் கூடத்துக்குப் பொறுப்பாக இருந்தவர் ஒரு தமிழ் டாக்டரம்மா. கத்தோலிக்கர், கழுத்தில் சிறிய சிலுவை. என்னைவிட வயதில் இளையவர். அவருடைய தமிழ் வீட்டிலும் மாதா கோயிலிலும் பழகிய தமிழ். வேலையைப் பற்றிப் பேச வந்தால் அது பாதி வழியில் இங்கிலீஷ் பஸ்ஸில் ஏறிவிடும். புது மருந்து எது வந்தாலும் இந்தக் கிருமி அதையும் பழகிக்கொள்ளும் என்பது அவர் கவலை. இலை, வேர், பட்டை இவற்றில் ஏதாவது இதைக் கொல்லுமா என்று பார்க்க வேண்டும் என்று நினைத்தார். நினைத்தவர் என்னைப் பார்த்தார்.

"நீங்க சிராங்கூன் ரோடு பக்கம்தானே? உங்களுக்கு மூலிகை எல்லாம் தெரியும்லா?"

அது தமிழர் கடைவீதி. நானோ பக்கத்து ஜாலான் புசார் தெருவில், இரும்புச் சாமான் கடைக்கு மேல் உள்ள அறையில் குடியிருந்தேன். என்னைச் சுற்றி முளைத்ததெல்லாம் ஆணியும் குழாயும்தான். பிறந்ததும் இதே ஊர். துளசிக்கும் கீரைக்கும் வித்தியாசம் வாசனையில்தான் தெரியும். ஆனால் ஒரு டாக்டர் உனக்குத் தெரியும் என்று சொல்லும்போது, தெரியாது என்று மறுத்துப் பேசும் துணிச்சல் எனக்கு இல்லை. தலையை ஆட்டினேன். அந்த ஆட்டலை வைத்து ஓர் ஆராய்ச்சி தொடங்கியது.

எனக்கு அதில் ஓர் அக்கறை இருந்தது. என் மனைவி மாசமாக இருந்தாள். கல்யாணமாகி ரொம்ப வருடம் கழித்துத் தரித்த முதல் பிள்ளை. டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார்:

"பேபி பொறந்தா, உங்க மூக்கு கிளீன் ஆகிற வரைக்கும் தூக்காதீங்க. முகத்தைக் கிட்ட கொண்டுபோகவே கூடாது. ப்ராமிஸ்?"

வெள்ளைக்காரனுக்கு இது பெரிய தண்டனை இல்லை. அவன் குழந்தையை உதட்டால் முத்தமிடுகிறான். நாம் மூக்கால் அல்லவா கொஞ்சுகிறோம்! உச்சியில் மூக்கை வைத்து இழுக்காமல் நம்மில் யார் குழந்தையைக் கீழே விட்டிருக்கிறார்கள்? கிருமி என் காதில் இருந்திருக்கலாம். கால் கட்டைவிரலில் இருந்திருக்கலாம். ஆராய்ந்து பார்த்து மூக்கில் உட்கார்ந்திருந்தது.

ஆகவே இலை தேடிப் போனேன். சிராங்கூன் சாலையில் ஒரு நாட்டு மருந்துக் கடை. கடைக்காரருக்கு அறுபது வயது இருக்கும். சாக்குகளுக்கு நடுவே சாக்கு மாதிரி உட்கார்ந்திருப்பார். விஷயத்தைச் சொன்னேன்.

"பென்சிலினுக்கு அடங்காதது எந்த ஊர்க் கிருமி தம்பி?"

"இங்கதாங்க. என் மூக்குல."

அவர் சற்றுப் பின்னால் சாய்ந்துகொண்டார். பிறகு, "சூடு. உடம்புல சூடு. வேப்பிலை கொண்டு போ" என்றார்.

வேப்பிலை, மஞ்சள், குப்பைமேனி, ஆடாதோடை, வெற்றிலை, கிராம்பு, பூண்டு என்று ஒவ்வொன்றாகப் போயிற்று. வேலை இப்படி: இலையை அரைத்துச் சாறு எடுக்க வேண்டும். காகிதத்தில் துளை போடும் கருவியால் வடிகட்டும் தாளை வட்டவட்டமாக வெட்டி, அந்தச் சாற்றில் நனைக்க வேண்டும். கிருமி தடவிய தட்டில் அந்த வட்டத்தை வைத்து, உடம்புச் சூடுள்ள பெட்டியில் ஓர் இரவு மூடி வைக்க வேண்டும். காலையில் தட்டு முழுக்கக் கிருமி மஞ்சள் பூத்திருக்கும். மருந்து வேலை செய்திருந்தால், தாள் வட்டத்தைச் சுற்றி மட்டும் கிருமி இல்லாமல் தெளிவாக ஒரு வளையம் தெரியும். தட்டில் இருந்தது, கடற்பாசியைக் காய்ச்சி இனிப்பாக உறைய வைக்கும் நம் வீட்டு அகார் அகார்தான். சர்க்கரைக்குப் பதில் அதில் மாட்டிறைச்சிச் சாறு விட்டிருப்பார்கள்.

பென்சிலின் வட்டத்தைச் சுற்றி வளையமே இல்லை. கிருமி அதன் மேல் சாய்ந்துகொண்டு வளர்ந்திருந்தது. வேப்பிலைக்கும் அதே மரியாதைதான். குப்பைமேனியை அது கவனித்ததாகவே தெரியவில்லை. பூண்டுக்கு மட்டும் நல்ல வளையம். டாக்டரம்மா கைதட்டினார். பூண்டுச் சாற்றைத் தண்ணீர் கலந்து என் மூக்கில் விடச் சொன்னார். விட்டேன். அதன் பிறகு பஸ்ஸில் என் பக்கத்து இருக்கை எப்போதும் காலியாக இருந்தது. கூச்சக்காரனுக்குப் பூண்டு நல்ல மருந்து என்று அப்போது தெரிந்துகொண்டேன். மூக்கு வெந்து தோல் உரிந்தது. மறுபடி துடைத்துப் பார்த்தார்கள். கிருமி சௌக்கியமாக இருந்தது.

இதற்கிடையில் மகள் பிறந்துவிட்டாள்.

உதவிக்கு மனைவியின் அக்கா வந்து தங்கினாள். வாய் உள்ளவள்; எனக்கும் சேர்த்துப் பேசுவாள். குழந்தையைக் குளிப்பாட்டி, சாம்பிராணிப் புகை காட்டி, உச்சியை முகர்ந்து, "இந்தாங்க மச்சான், பிடிங்க உங்க மகாராணிய" என்று நீட்டினாள். நான் வாசல் நிலையோடு ஒட்டிக்கொண்டேன்.

"நான் தொடக் கூடாது. மூக்குல கிருமி இருக்கு."

"மூக்குலயா? எங்க, காட்டுங்க."

"கண்ணுக்குத் தெரியாது."

"காட்டுங்கங்கிறேன்."

குழந்தையைத் தங்கையிடம் கொடுத்துவிட்டு டார்ச் லைட்டை எடுத்து வந்தாள். நான் முகத்தைத் தூக்கிக் காட்டினேன். ஒரு துவாரம், மறு துவாரம், இரண்டையும் நன்றாகப் பார்த்தாள்.

"ஒண்ணும் இல்ல. சுத்தமா இருக்கு. வேற காரணம் இருந்தா சொல்லுங்க."

மனைவி பாயில் குழந்தையோடு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். திரும்பாமலே சொன்னாள்: "பொண்ணுன்னு வேணாம்னா நேரா சொல்லிடுங்க. இதுக்குக் கிருமி கிருமின்னு ஒரு கதையா?"

இத்தனை வருடத்தில் நான் அவளிடம் சொன்ன பொய்கள் குறைவு, பேசியதே குறைவு. பேசிப் பழகாதவன் உண்மையைச் சொன்னால் அது பொய் மாதிரியே ஒலிக்கிறது. அன்று முதல் நான் அறைக்குள் வந்தால் அவள் குழந்தையின் முகத்தைச் சேலைத் தலைப்பால் மூடுவாள். டாக்டரம்மா பார்த்திருந்தால் அவளைப் பாராட்டியிருப்பார்.

மருந்துக் கடைக்காரரிடம் போனேன். வேப்பிலை தோற்றதை அவர் முதலில் நம்பவில்லை. பிறகு என்னைப் போலீஸ்காரர் மாதிரி விசாரித்தார்.

"எதுல வெச்சுப் பார்க்கிறாங்க?"

"கண்ணாடித் தட்டுல. அகார் அகார் ஊத்தி."

"வெறும் அகார் அகாரா?"

"மாட்டுக்கறிச் சாறு சேர்ப்பாங்க. கிருமி நல்லா வளரணும்ல."

கடைக்காரர் தராசைக் கீழே வைத்தார். "ஏன்பா, மருந்து கொடுக்கிற இடத்துல கறிச்சாறா? பத்தியம் எங்க? உப்பு, புளி, கறி எல்லாம் நிறுத்தாம எந்த வைத்தியன் மருந்து கொடுத்தான்? நோயாளிக்குப் பிரியாணி போட்டுட்டு வேப்பிலை கேட்கலன்னா, தப்பு வேப்பிலை மேலயா? போய்ச் சொல்லு உங்க டாக்டருகிட்ட. முதல்ல தட்டு பத்தியம் இருக்கட்டும்."

அவர் சொன்னது எனக்கு நியாயமாகத்தான் பட்டது. என் மனைவியே பிள்ளை பெற்று, உப்புக் குறைத்த கஞ்சியும் பூண்டுக் குழம்புமாகப் பத்தியம் இருந்துகொண்டிருந்தாள். கிருமிக்கு மட்டும் என்ன சலுகை?

இதை டாக்டரம்மாவிடம் சொல்ல எனக்கு ஒரு வாரத்துத் தைரியம் தேவைப்பட்டது. சொன்னதும் அவர் சிரித்த சிரிப்பில் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க வேண்டியதாயிற்று. சிரித்து முடித்துவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"பட், ஒய் நாட்?" என்றார். "இறைச்சிச் சாறு இல்லாம ஒரு தட்டு செஞ்சு பார்ப்போமே. கஞ்சி வைக்கத் தெரியுமா உங்களுக்கு?"

அது தெரியும். என்னை நம்பி ஒப்படைத்த ஆராய்ச்சியில் எனக்கு உண்மையாகவே தெரிந்திருந்த ஒரே விஷயம் அதுதான். பச்சரிசியும் பாசிப்பருப்பும் போட்டு, உப்பில்லாமல் கஞ்சி காய்ச்சி, வடிகட்டி, அகார் அகாரோடு கலந்து தட்டில் ஊற்றினோம். வேப்பிலைச் சாற்றில் நனைத்த வட்டத்தை வைத்தோம். மறுநாள் காலை டாக்டரம்மா பெட்டியைத் திறந்தவர் ஒரு சத்தம் போட்டார். நான் ஏதோ உடைந்துவிட்டது என்று துடைப்பத்தோடு ஓடினேன்.

வளையம் இல்லை. வளையத்துக்குத் தேவையே இல்லை. தட்டு முழுவதும் வெறுமையாக இருந்தது. என் மூக்கைப் பிடித்து ஆட்டிய அந்தக் கிருமி, வேப்பிலையைக் கண்டு ஓர் ஓரத்தில்கூட நிற்காமல் போய்விட்டிருந்தது.

மேல் மாடியிலிருந்து ஆட்கள் வந்தார்கள். அன்று "பியூட்டிஃபுல்" என்றவர்கள் இன்று காலித் தட்டைப் பார்த்து அதையே சொன்னார்கள். டாக்டரம்மா என்னைக் காட்டி, "இவரோட ஐடியா" என்று சொல்லிவிட்டார். என் வாழ்க்கையில் அதுவரை ஒருவரும் என்னைச் சுட்டிக்காட்டி எதையும் சொன்னதில்லை. வார்டில் ஒரே ஒரு தடவை சுட்டிக்காட்டினார்கள்; அது மூக்குக்காக.

சாயங்காலம் வீட்டுக்குப் போய், வாசலில் நின்றபடியே சொன்னேன்: "மருந்து கிடைச்சிருச்சு. வேப்பிலைதான். ரெண்டு நாள்ல பிள்ளையைத் தூக்கிடுவேன்."

மைத்துனி இடுப்பில் கைவைத்தாள். "வேப்பிலையா? அத கண்டுபிடிக்கத்தான் உங்களுக்கு இத்தன நாள் ஆச்சா? நம்ம மாரியம்மன் கோயில்ல ஒரு வார்த்தை கேட்டிருந்தா முதல் நாளே சொல்லியிருப்பாங்களே மச்சான்!"

அன்று நான் சாப்பிடும்போது குழந்தையின் முகத்தை மனைவி மூடவில்லை. கன்னத்தில் ஒரு குழி இருப்பதை அப்போதுதான் பார்த்தேன். என் கன்னத்தில் இருப்பது போலவே, இடது பக்கம்.

மறுநாள் காலை டாக்டரம்மா பெட்டியின் பின்வரிசையில் கையை விட்டு இன்னொரு தட்டை எடுத்தார். அதே கஞ்சி, அதே கிருமி. வேப்பிலை மட்டும் கிடையாது. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக அவரே முதல் தட்டோடு சேர்த்து வைத்தது. சந்தோஷத்தில் அதை எடுக்க மறந்துபோயிருக்கிறார்.

அதுவும் வெறுமையாக இருந்தது.

கிருமியை வேப்பிலை கொல்லவில்லை. உப்பில்லாக் கஞ்சியைப் பார்த்துவிட்டு அது சாப்பிட மறுத்துவிட்டது. அவ்வளவுதான். டாக்டரம்மா சிலுவையைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். மேல் மாடிக்கு அவரே ஏறிப் போய் ஒவ்வொருவராகப் பார்த்துத் தவறைச் சொல்லிவிட்டு வந்தார். அந்தத் துணிச்சலைப் பார்த்தபோது, இறங்கி வருகிறவருக்கு ஒரு காப்பியாவது கொடுக்க வேண்டும் என்று தோன்றியது. கொடுத்தேன்.

கடைக்காரரிடமும் உண்மையைச் சொன்னேன். அவர் முகம் மலர்ந்தது. "பார்த்தியா! வேப்பிலைகூட இல்லாம, பத்தியம் ஒண்ணுலயே கிருமி படுத்திருச்சு. நான் என்ன சொன்னேன்?" விஞ்ஞானம் எப்படித் தோற்கடித்தாலும் ஜெயித்துக்கொண்டே போகிற மனிதர் அவர் ஒருவர்தான்.

வீட்டில்தான் சொல்ல முடியவில்லை. தயங்கித் தயங்கிச் சொன்னபோது, மனைவி தலைப்பை எடுத்துக் குழந்தையின் முகத்தை மெதுவாக மூடினாள். கோபித்திருந்தால் தாங்கியிருப்பேன். அந்த மெதுவைத்தான் தாங்க முடியவில்லை.

என்ன வேகத்தில் அந்த வார்த்தை வந்தது என்று எனக்கே தெரியாது. "என் பேச்ச நம்ப வேணாம். நாளைக்கு என்கூட வா. அந்தக் கிருமிய உன் கண்ணால பாரு" என்றேன். அக்காள் தங்கை இருவரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அவ்வளவு நீளமாக நான் பேசி அவர்கள் கேட்டதில்லை.

குழந்தையோடு இருவரும் வந்தார்கள். டாக்டரம்மா கறிச்சாற்றுத் தட்டு ஒன்றை எடுத்துக் காட்டினார். மஞ்சள் நிறத்தில், குண்டூசித் தலை அளவில், பளபளவென்று ஆயிரம் புள்ளிகள். நடுவில் பென்சிலின் வட்டம், யாரும் மதிக்காத விருந்தாளி மாதிரி.

"இதா இவரு மூக்குல இருந்துச்சு?" என்று மைத்துனி குனிந்து பார்த்தாள். "தங்கப் பொடி மாதிரில இருக்கு. இத வெச்சுக்கிட்டா மச்சான் இவ்வளவு அழுதீங்க?"

மனைவி வெகு நேரம் பார்த்தாள். தட்டைப் பார்த்தாளா, தட்டைத் தாண்டி என்னைப் பார்த்தாளா என்று நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. "அப்ப, நிஜமாத்தான் பயந்தாரா?" என்று டாக்டரம்மாவிடம் கேட்டாள்.

"தினமும் என்கிட்ட கேட்பாரு, இன்னைக்குத் தூக்கலாமா, இன்னைக்குத் தூக்கலாமான்னு."

நான் அப்படி ஒரு நாளும் கேட்டதில்லை. தினமும் தொட்டியிலிருந்து அவர் முகத்தைப் பார்த்தேன், அவ்வளவுதான். அவர் அதைக் கேள்வி என்று எடுத்துக்கொண்டிருக்கிறார்.

வந்தது வந்தாயிற்று என்று டாக்டரம்மா எல்லோர் மூக்கையும் துடைத்துக்கொண்டார். குழந்தை மூக்கில் பஞ்சு பட்டதும் கூரை அதிர அழுதது.

முடிவு வந்த அன்று அவர் என்னை அழைத்து, சிரிக்கலாமா வேண்டாமா என்ற முகத்தோடு சொன்னார். மனைவியின் மூக்கில் அந்தக் கிருமி இருந்தது. அவள் அக்காளின் மூக்கில் இருந்தது. என் மகளின் மூக்கிலும் இருந்தது. பென்சிலினுக்கு அசையாத அதே கிருமிதான். பிறந்ததிலிருந்து அக்காள் முகர்ந்து, தாய் முகர்ந்து, பக்கத்து வீடு முகர்ந்து, எந்த வழியாகவோ போய்ச் சேர்ந்திருக்கிறது. குழந்தைக்கு ஒரு கொப்புளம்கூட இல்லை. பால் குடித்துக் கன்னம் உப்பியிருந்தாள். எங்கள் வீட்டில் கிருமி இல்லாத மூக்கு ஒன்றே ஒன்றுதான். அது என்னுடையது.

"எப்படிப் போச்சு?" என்றேன்.

"தெரியல. சில சமயம் அதுவா வரும், அதுவா போகும்."

பூண்டால் போனது என்று நான் சொன்னேன். கடைக்காரர் வேப்பிலை என்றார். மைத்துனி, அவள் போட்ட சாம்பிராணி என்றாள். ஆக மூன்று மருந்துகள் வெற்றி பெற்றன.

"நீங்க கிளீன். இப்ப வார்டுக்குத் திரும்பப் போகலாம்" என்றார் டாக்டரம்மா. "ஆனா வார்டுக்குப் போகணும்னா, வீட்டுல மூணு பேருகிட்ட இருந்தும் தள்ளியே இருக்கணும். இல்ல, இங்கேயே இருந்தா, ஹெல்த்தி பேபி, வீட்டுப் பிள்ளை, தாராளமாத் தூக்கலாம். நீங்கதான் சொல்லணும்."

தொட்டியில் கழுவாத தட்டுகள் நிறைய இருந்தன. "இவ்வளவு தட்டு இருக்கே" என்றேன். அதுதான் என் பதில். அவருக்குப் புரிந்துவிட்டது.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போய்க் கைகால் கழுவிக்கொண்டு உள்ளே வந்தேன். வாசல் நிலையில் நிற்கவில்லை. மைத்துனிதான் முதலில் பார்த்தாள். "ஐயோ மச்சான், நாங்கதான் இப்ப கிருமிக்காரங்க, தள்ளி நில்லுங்க!" என்று கத்திச் சிரித்தாள். மனைவி சிரிக்கவில்லை. எழுந்து வந்து, குழந்தையைத் தலைப்போடு என் கையில் வைத்துவிட்டு, தலைப்பை மட்டும் உருவிக்கொண்டாள்.

கையை எங்கே வைத்துக்கொள்வது என்ற சங்கடம் எனக்கு அன்று இல்லை. இரண்டு கையும் நிறைந்திருந்தது. குனிந்து, உச்சியில் மூக்கை வைத்து, மூச்சை இழுத்தேன். சாம்பிராணியும் பாலும் எண்ணெயுமாக ஒரு வாசனை. நிமிர மனம் வரவில்லை. நிமிர்ந்தபோது மகள் என்னைக் கூர்ந்து பார்த்தாள். பிறகு முகத்தைச் சுருக்கி, நேராக என் மூக்கைப் பார்த்து ஒரு தும்மல் போட்டாள்.

"நூறாயுசு" என்றாள் மனைவி.

அடுத்த மாதச் சோதனையில் என் மூக்கில் கிருமி திரும்பவும் இருந்தது. டாக்டரம்மா கேட்பதற்கு முன்பே, "வீட்டுல எல்லாரும் ஒண்ணா இருக்கோம்" என்று சொல்லிவிட்டுத் தட்டுக் கழுவப் போனேன்.